தாழ்மை அண்ணனின் தாழ்மை போன கதை

என் அக்காவின் கணவரைப் போலத் தாழ்மையான மனிதர் எங்கள் சபையில் வேறு யாரும் கிடையாது. தாழ்மையைப் பற்றிப் பேச்சு வந்தால், தன்னிடம் அதுவும் போதுமான அளவு இல்லை என்பார். அதைக் கேட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள், ஆண்கள் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

பத்தொன்பது வருஷமாக அவரை ஏதாவது ஒரு வேலைக்குப் பிடித்துப் போட்டுவிட வேண்டும் என்று மூன்று போதகர்கள் முயன்று பார்த்தார்கள். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். "ஐயோ பாஸ்டர், பிள்ளைங்க கேள்வி கேட்குமே" என்றார். ஆராதனையில் வேதம் வாசிக்கச் சொன்னார்கள். தன் குரல் கட்டைக் குரல் என்றார். ஜெபம் செய்யச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பார். ஆனால் நாற்காலி அடுக்குவதில் மன்னன். கூட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே நூல் பிடித்தாற்போல் அடுக்கி வைத்துவிட்டுப் போவார். சரி, இதிலிருந்தாவது தொடங்கலாம் என்று அவரை நாற்காலிக் குழுவின் தலைவர் என்று அறிவித்தார்கள். மறுவாரமே வந்து பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு குழுவை நடத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். அந்தக் குழுவில் இருந்ததே அவர் ஒருவர்தான்.

இப்படி மறுத்து மறுத்தே அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சபையில் எல்லோரும் தாழ்மை அண்ணன் என்பார்கள். வருஷா வருஷம் உழைத்தவர்களுக்குக்கூட இவருக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று யாராவது பாடம் நடத்தினால் என் அத்தான்தான் தலைமை ஆசிரியர். அதற்கும் தகுதியில்லை என்று சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த வேலை அப்படி. கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலையில் அவர் சோதனைக்காரர். பின்னால் ஒரு வெள்ளை விளக்குப் பலகை, முன்னால் நகரும் பட்டை, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில்கள். கழுத்தில் கீறல், அடியில் குமிழி, பக்கத்தில் கோணல் என்று எது கண்ணில் பட்டாலும் சட்டென்று எடுத்துப் பக்கத்துப் பள்ளத்தில் போட்டுவிட வேண்டும். அது உடைந்து மறுபடி உலைக்குப் போகும். 'சந்தேகமா, எடுத்துப் போடு' என்று சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். பகல் முழுக்க இந்த வேலையைச் செய்துவிட்டு வந்து, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போடுகிற மனிதருக்குத் தன்னைப் பற்றி என்ன நினைப்பு இருக்கும்? தன்னையே எடுத்துப் பள்ளத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தவர் டிரைவர்.

டிரைவர் என்றால் அந்த ஆலையின் ஷிப்ட் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். எங்கள் சபையில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்வார். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தால் ஓரளவுக்குத் தேறுவார் என்று டாக்டர் சொன்னார். டிரைவரின் மனைவி அந்த ஓரளவை நம்பிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள்.

நோயாளியை மூப்பர்களில் ஒருவர் போய்ச் சந்தித்துவிட்டு, சந்திப்பு நோட்டில் நாலு வரி எழுத வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். அன்றைக்கு முறை முழக்கத்துடையது. முழக்கம் என்பது நாங்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். வெளியே ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஆண்டவரையும் அதே குரலில்தான் விற்பார், ஐந்து வருஷ உத்தரவாதத்தோடு. சந்தேகம் என்ற ஒன்று அந்த மனிதரின் தெருப்பக்கமே வந்ததில்லை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். "சகோதரரே, காரணம் இல்லாம ஆண்டவர் ஒருத்தரையும் அடிக்க மாட்டார். படுத்தபடியே யோசிங்க. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனைன்னு அவரே காட்டுவார்" என்றார். பிறகு டிரைவர் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, 'சகோதரர் மிகுந்த ஆறுதல் அடைந்தார்' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

ஆறுதல் அடைந்த சகோதரர் அன்று மாலையே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மனைவி மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். மாத்திரைக்கும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம். போதகர் போனபோது கண்ணை மூடிக்கொண்டார். முழக்கத்தை அனுப்பியவர் இவர்தானே.

மூன்றாம் நாள் அந்த அம்மா போதகரின் அறைக்கு வந்தாள். நாற்காலி துடைக்க நான் அங்கே இருந்தேன்.

"இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்றாரு. போட்டாலும் இவரு இடது கையால பிடுங்கிப் போட்டுருவாரு பாஸ்டர். செத்துப்போகணும்னு முடிவு பண்ணிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள்.

போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே இடுப்பு வலித்தது. "கொஞ்ச நாளா இடுப்பைப் பிடிச்சிருக்கு பாஸ்டர், உட்கார முடியல" என்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. அத்தானை இவ்வளவு நேரம் கிண்டல் செய்தவன் என்ன லட்சணத்தில் இருந்தான் என்பதும் தெரிய வேண்டும்.

"தாழ்மை அண்ணனை அனுப்புங்க" என்றாள் அவள்.

போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அவர் வாயே திறக்க மாட்டாரேம்மா."

"அதனாலதான் கேக்குறேன். பத்தொன்பது வருஷம் பஸ்ஸுல இவரு சீட்டுக்குப் பின்னாடியே உட்கார்ந்து வந்தவரு. ஒரு வார்த்தை பேசினது இல்லைன்னு இவரே சொல்லுவாரு. பேசுறவங்க வந்தது போதும்."

செய்தி வீட்டுக்கு வந்தபோது அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, ஜன்னலைத் திறந்து, மூடினார். "நான் போய் என்னத்தச் சொல்லுவேன்? ஏதாவது ஏடாகூடமா சொல்லி அந்த மனுஷன் இன்னும் மோசமாயிட்டா? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். படிச்சவங்க போகணும். எனக்கு ஜெபம் பண்ணவே வராதே" என்றார். முதல் முறையாக அது நாடகம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பயந்தால் பயந்தபடி கிடக்கட்டும் என்று விட்டுவிட என் அக்காவுக்கு மனசில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டே பேசினாள். "ஏங்க, அரை மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து பாட்டிலப் பார்க்கக் கூடாதுன்னு உங்க ஆலையில சட்டம் இருக்குல்ல?"

"ஆமா. கண்ணு அசந்துபோனா நல்ல பாட்டில்லயும் கீறல் தெரியும். வேற ஆள உட்கார வெச்சிட்டு எந்திரிச்சிரணும்."

"பத்தொன்பது வருஷமா உங்களையே உத்து உத்துப் பார்த்துட்டு இருக்கீங்களே, கொஞ்சம் எந்திரிச்சு வேற யாரையாவது போய்ப் பாருங்க."

அத்தான் அலமாரியில் வேதத்தைத் தேடி எடுத்தார். அக்கா வாயைத் திறந்தால் அப்படித்தான். மறுநாள் பாதி வழியில் அவர் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்னையும் கூட அனுப்பினாள். என் இடுப்பைப் பற்றி அவளிடம் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவர் தயாராகித்தான் போனார். இரண்டு ஆறுதல் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து வேதத்தில் காகிதச் சீட்டு வைத்திருந்தார். அவற்றைக் குளியலறையில் சத்தமாக வாசித்துப் பார்த்ததை வீடே கேட்டது. பஸ்ஸில் போகும்போது, சீட்டு இருக்கிறதா இருக்கிறதா என்று ஒன்பது முறை திறந்து பார்த்தார். ஒன்பதாவது முறையில் இரண்டு சீட்டும் விழுந்துவிட்டன. அது அவருக்குத் தெரியாது.

சின்ன அறை. கட்டில், மருந்து மேஜை, சாத்திய ஜன்னல், நடைபழகும் கம்பி ஒன்று உறை பிரிக்காமல் மூலையில். டிரைவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அத்தான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்தார், புத்தகத்தைத் திறந்தார், சீட்டைக் காணோம். வியர்த்துக் கொட்டியது. பக்கத்தைப் புரட்டித் தேடினால் தேடுவது தெரிந்துவிடுமே என்று, திறந்த இடத்தில் எது இருந்ததோ அதையே வாசிக்க ஆரம்பித்தார். அது பெயர்ப் பட்டியல். யாருக்கு யார் அப்பா, அவருக்கு யார் பிள்ளை, அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று பக்கம் பக்கமாகப் போகுமே, அதுதான். உலகத்தில் ஒரு நோயாளிக்கும் இதுவரை யாரும் அதை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் தப்பு நடந்தது தெரிந்துவிடும் அல்லவா? அதனால் தொடர்ந்தார். ஒவ்வொரு பெயரும் ரெயில் நீளத்துக்கு இருந்தது. ஒரு பெயரை நாலு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டிலும் தடுக்கி விழுந்து, எழுந்து, அந்தப் பெயரை முடித்துவிட்டோம் என்று மூச்சு விடும்போது அதைவிடப் பெரிய பெயர் வந்து நிற்கும். கால் மணி நேரம் ஆயிற்று. டிரைவரின் மனைவி கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே கண் அயர்ந்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஆண்டவரே இந்த மனுஷனைக் காப்பாற்றும் என்று வேண்டிக்கொண்டேன். டிரைவரை நினைத்து வேண்டிக்கொள்ளவில்லை.

அப்போது கட்டில் கிறீச்சிட்டது. டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். தன் காதுக்குப் பின்னால் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்காமல் அவரால் சாக முடியவில்லை போலிருக்கிறது. பத்தொன்பது வருஷம் பஸ் கண்ணாடியில் பார்த்த அதே வியர்த்த முகம், இப்போது ஒரு பெயரின் நடுவில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் திணறுவதைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மச்சான்! மறுபடியும் இழுக்குது! டாக்டரக் கூப்பிடு!" என்று அத்தான் அலறினார்.

இழுப்பு இல்லை. டிரைவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, மறுபாதி வரவில்லை. ஆனால் வாய் திறந்திருந்தது. அலறலில் விழித்துக்கொண்ட அந்த அம்மா ஒரு நொடி பார்த்தாள். அவ்வளவுதான், ஸ்பூனை உள்ளே விட்டாள். டிரைவர் விழுங்கினார். "வாசிங்கண்ணே, நிறுத்தாதீங்க" என்றாள் அடுத்த ஸ்பூனை எடுத்தபடி. அத்தான் அடுத்த தகப்பனைத் தேடிப் போனார்.

அடுத்த நாள் அவர் போக மாட்டேன் என்றார். தான் செய்தது ஊழியமே இல்லை, கோமாளித்தனம் என்றார். உண்மைதான் என்று நானும் சொன்னேன். அக்கா வேதத்தைக் கையில் கொடுத்து இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தினமும் நாலு மணிக்குப் போனோம். பட்டியல் ஐந்தாம் நாள் தீர்ந்துபோயிற்று. ஆறாம் நாள் கதைகள் வாசித்தார், ஏழாம் நாள் ஆலையில் நடந்ததைச் சொன்னார். எட்டாம் நாள் இருவரும் சும்மா இருந்தார்கள். டிரைவர் எதையாவது கேட்பது போல் பார்த்தால், "பாஸ்டரைக் கேட்டுச் சொல்றேண்ணே" என்பார் அத்தான். அதுதான் அவருடைய இறையியல் மொத்தமும்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. அத்தான் எதிரில் இருந்தால்தான் டிரைவர் வாய் திறந்தார். அவர் எழுந்து போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். இராத்திரி மாத்திரை உள்ளே போகாது. ஒரு வேளைச் சாப்பாட்டில் எத்தனை நாள் ஓட்டுவது? முழக்கம் குத்திவிட்டுப் போன முள் உள்ளே அப்படியே இருந்தது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். எடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஒன்பதாம் நாள் முழக்கம் வந்தார். நோயாளி சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டு, தன் ஜெபத்தின் பலனைச் சாட்சியாக எழுதிக்கொள்ள இரண்டு சகோதரர்களையும் ஒரு புதுப் பேனாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அத்தான் வழக்கப்படி எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா சகோதரரே, நான் அன்னிக்கே சொன்னேன்" என்று முழக்கம் ஆரம்பித்தார். "பாவத்தை அறிக்கை பண்ணினீங்க, ஆண்டவர் அடிச்ச கையை எடுத்துட்டார். என்ன பாவம்னு இப்போ எல்லாருக்கும் முன்னாடி..."

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். இடது கையைக் கட்டிலில் ஊன்றினார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு வாரத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த சொற்கள் மூன்றோ நாலோதான். அவற்றில் ஒன்று இது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"தண்... தண்டனையா?"

"ஆண்டவருடைய சித்தம் என்னன்னா" என்று முழக்கம் தொண்டையைச் செருமினார். அத்தான் வாயைத் திறந்தார். பாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வரப்போகிறது, எனக்குத் தெரியும், சத்தியமாக அதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்தது.

"இல்லண்ணே" என்றார் அத்தான். "தண்டனை இல்ல. இவர் சொன்னது பொய்."

"பிரதர்!" என்று முழக்கம் எழுந்துவிட்டார். "எந்த அதிகாரத்துல பேசுறீங்க? வேதம் முறையாப் படிச்சிருக்கீங்களா? ஒரு கூட்டத்துல நின்னு ஒரு வார்த்தை ஜெபம் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணினது இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க யாரும் வரல, நான் வந்தேன்." குரல் கட்டைக் குரல்தான், அதோடு ஆடவும் செய்தது. ஆனால் நிற்கவில்லை. "இவரு ரத்தக்குழாய் அடைச்சதுக்கு நீங்க ஆண்டவர் மேல பழி போட்டதால, ஒரு மனுஷன் பட்டினி கிடந்து சாகப் பார்த்தாரு. அத நோட்டுல எழுதுங்க. பேனா கொண்டு வந்திருக்கீங்கல்ல? எழுதிட்டுக் கிளம்புங்க. இவரு சாப்பிடுற நேரம்."

முழக்கம் அத்தனை வருஷத்தில் முதல் முறையாகச் சத்தம் இல்லாமல் ஒரு வீட்டை விட்டுப் போனார். அவர் போனதும் அத்தான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். டிரைவர் அழுதார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதில் பாதி, மறுபாதி என்ற வித்தியாசம் இல்லை. அன்று இராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டார் என்று மறுநாள் அந்த அம்மா சொன்னாள். காலையில் அவரே ஸ்பூனைக் கேட்டு வாங்கினாராம், இடது கையால், பாதி கீழே சிந்தியபடி.

சபையில் இதற்குப் பெரிய பேச்சு எழுந்தது. டிரைவர் பிழைத்ததைப் பற்றி ஒரு பங்கு, அத்தான் கெட்டுப்போனதைப் பற்றி மூன்று பங்கு. "அவருக்கா இப்படித் தலைக்கனம்?" என்றார்கள். "எப்படி இருந்த மனுஷன், அந்தத் தாழ்மை எல்லாம் எங்க போச்சு?" என்று, அன்று உச்சுக்கொட்டிய அதே பெண்கள் மறுபடி உச்சுக்கொட்டினார்கள். மூப்பர்கள் கூடி விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். விரட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார், பொய் என்று சொன்னதற்குக் கேட்கவில்லை. தாழ்மை அண்ணன் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பட்டம் நாற்காலிக் குழுத் தலைவர் பதவி போலவே காலியாகக் கிடக்கிறது. அவர் அதைத் தேடியதாகத் தெரியவில்லை. நாலு மணிக்கு அவருக்கு வேலை இருந்தது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"மச்சான், பயிற்சி கொடுக்கிற அம்மா நாளையிலருந்து அண்ணனை நிக்க வைக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஆள் வேணும். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். இன்னொரு பக்கம் நீ வா."

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது வேறு, ஒரு மனிதன் விழாமல் பிடிப்பது வேறு. கை நழுவிவிட்டால்? அவர் இனி எழுந்திருக்கவே மாட்டார். இடுப்பு வலி என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"அத்தான், எனக்கு அதுக்கெல்லாம் தகுதி இல்ல. சத்தியமா."

"ஆமா, இல்லதான்" என்றார் அவர், ஒரு நாற்காலியை மடக்கி என் கையில் கொடுத்தபடி. "எனக்கும் இல்ல. நாலு மணிக்கு வந்துரு."

போனேன். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். டிரைவர் நல்ல கனம்.